ஆட்டத்தை முடித்துவிட்டு வெளிநாட்டில் கோச் ஆக: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவருக்கு 33, 35 வயதில் வேலை முடிந்துவிடுகிறது. முழங்கால் முந்திக்கொண்டால் இன்னும் சீக்கிரம். அப்புறம் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "கோச் ஆகலாம்னு இருக்கேன்". உள்ளூரில் அந்த வேலை குறைவு. இருக்கிற வேலைக்கும் பழைய நட்சத்திரங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் பலருடைய பார்வை வெளிநாட்டுக்குப் போகிறது. நீங்கள் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடியவராக இருக்கலாம், சென்னை சீனியர் டிவிஷனோடு நின்றவராக இருக்கலாம், யாழ்ப்பாணத்திலோ மலேசியாவின் ஷா ஆலமிலோ இருக்கலாம். போகிற பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

உதாரணத்துக்கு ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்வோம்: இங்கிலாந்துக்காரர் கிரஹாம் பாட்டர். பர்மிங்ஹாம், ஸ்டோக், சவுத்தாம்ப்டன், வெஸ்ட் பிராம், யார்க், பாஸ்டன் என்று கிளப் மாறி மாறி ஆடிய லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்). 2005ல், 30 வயதில் நிறுத்திக்கொண்டார். 2011 சீசனுக்கு ஸ்வீடனின் நான்காம் டிவிஷனில் இருந்த ஓஸ்டர்சுண்ட் என்ற சின்ன கிளப்புக்குக் கோச்சாகப் போனார். ஏழு வருடத்தில் அந்தக் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியது, 2017ல் ஸ்வீடன் கோப்பையை வென்றது, 2018 பிப்ரவரியில் ஐரோப்பா லீக்கில் ஆர்சனலை லண்டனிலேயே 2-1 என்று தோற்கடித்தது. (முதல் ஆட்டத்தில் 0-3 என்று தோற்றிருந்ததால் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த இரவை ஆர்சனல் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

ஆடிய காலத்தில் அவரைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இவரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். இந்தப் பாதையில் பெயரைவிட முன்தயாரிப்புதான் அதிக தூரம் கொண்டுபோகிறது என்பது என் கருத்து.

1. பூட்ஸைக் கழற்றும் முன்பே தொடங்குங்கள்

கடைசி இரண்டு சீசன்கள் இருக்கும்போதே கோச் வேலைக்கான முதல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். காலையில் உங்கள் பயிற்சி, மாலையில் கிளப்பின் 13 வயது, 15 வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சி என்று பழகிக்கொள்ளலாம். நன்றாக ஆடுவது ஒரு வேலை, இன்னொருவனை ஆட வைப்பது வேறு வேலை. நீங்கள் யோசிக்காமல் செய்யும் ஒரு முதல் டச்சை ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று 14 வயதுப் பையனுக்கு விளக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பாட்டர் ஓபன் யூனிவர்சிட்டியில் சமூக அறிவியல் பட்டம் படித்தார். ஆட்டத்தை விட்டபின் ஹல் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வேலை. 2007 பெண்கள் உலகக் கோப்பையில் கானா அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். அப்புறம் லீட்ஸில் பல்கலைக்கழக அணி, கூடவே தலைமைப் பண்பு பற்றிய முதுகலைப் படிப்பு. 2005க்கும் 2011க்கும் நடுவில் போன அந்த ஐந்தாறு வருடத்தில் அவர் செய்த எதுவும் செய்தித்தாளில் வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருக்கும். அதற்கான பணத்தை ஆடும்போதே ஒதுக்கி வையுங்கள்.

2. லைசென்ஸ் ஏணி

கோச் லைசென்ஸ் விதிகளை வகுப்பது கண்டத்துக் கால்பந்துக் கூட்டமைப்பு: ஐரோப்பாவில் யூஈஎஃப்ஏ, ஆசியாவில் ஏஎஃப்சி. இரண்டிலும் ஏணி ஒரே மாதிரி: சி, பி, ஏ, ப்ரோ. இந்தியாவில் அதற்குக் கீழே ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம்) நடத்தும் தொடக்க நிலைப் படிப்புகளும் உண்டு. யூஈஎஃப்ஏ கணக்கில் குறைந்தபட்சம் சி-க்கு 60 மணி நேரம், பி-க்கு 120, ஏ-க்கு 180, ப்ரோவுக்கு 360. மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்து ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நிஜமாக ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்த காலத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு படிப்பிலும் இடங்களும் குறைவு. முதல் படியிலிருந்து ப்ரோ வரை போக ஆறேழு வருடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நீண்ட காலம் உயர்மட்டத்தில் ஆடியவர்களுக்கு சில படிகளைச் சேர்த்து முடிக்கும் வசதி சில இடங்களில் உண்டு. உங்கள் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு விஷயங்களில் பலர் இடறுகிறார்கள். ஒன்று, லைசென்ஸ் காலாவதியாகும். யூஈஎஃப்ஏவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 15 மணி நேர மறுபயிற்சி முடித்தால்தான் புதுப்பிப்பார்கள். இரண்டு, ஒரு கண்டத்து லைசென்ஸ் இன்னொரு கண்டத்தில் தானாகச் செல்லாது, அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஎஃப்சி ஏ லைசென்ஸோடு ஐரோப்பிய கிளப்புக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த நாட்டுச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெரிய லீக்குகளில் தலைமைக் கோச்சுக்கு ப்ரோ கேட்பார்கள். உதவிக் கோச், அகாடமி கோச் வேலைகளுக்கு ஏ அல்லது பி போதும் என்ற இடங்கள் நிறைய உண்டு.

3. கையில் என்ன வைத்திருக்க வேண்டும்

இரண்டு பக்க சுயவிவரம் போதும். அதில் கோல் எண்ணிக்கையைவிட எந்த வயது அணிக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள், உங்களிடமிருந்து எத்தனை பேர் மேல் அணிக்குப் போனார்கள் என்பது முக்கியம். கூடவே ஆறு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்று, நீங்கள் நடத்திய ஒரு செஷனின் வீடியோ (உங்கள் குரல் கேட்க வேண்டும், அதைத்தான் பார்ப்பார்கள்), ஒரு ஆட்டத்தை நீங்கள் அலசிய பத்து நிமிட வீடியோ. முதலுதவிச் சான்றிதழ், பிள்ளைகளோடு வேலை செய்ய போலீஸ் நற்சான்று, படிப்புச் சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் (அவை உண்மையானவை என்ற அரசு முத்திரை). கடைசியாகச் சொன்னது வளைகுடா நாடுகளுக்கு அவசியம். வேலை கிடைத்தபின் ஓடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

4. எங்கே போவது

இந்த இடத்தில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். கேரி நெவில் மான்செஸ்டர் யுனைடெட்டில் எல்லாக் கோப்பையையும் தொட்டவர், டிவியில் ஆட்டத்தை அலசுவதில் கெட்டிக்காரர். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு நேராகத் தலைமைக் கோச்சாகப் போனார். அதற்குமுன் எந்தக் கிளப்புக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை, ஸ்பானிஷும் தெரியாது. லீக்கில் 16 ஆட்டம், 3 வெற்றி. கோப்பை அரையிறுதியில் பார்சலோனாவிடம் 0-7. நான்கு மாதம் முடிவதற்குள் வெளியே.

பாட்டருக்கு நடந்தது நேரெதிர். ஓஸ்டர்சுண்ட் ஸ்வீடனின் நடுப்பகுதியில், மைனஸ் 20 டிகிரி வரை குளிரும் ஊர். கிளப் 1996ல்தான் பிறந்தது. அந்த ஊரில் கால்பந்தைவிடப் பனிச்சறுக்குக்குத்தான் மவுசு. அங்கே முதல் மாதம் தோற்றாலும் நாடு முழுக்கச் செய்தியாகாது. தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் இருந்தது. கிளப் தலைவருக்கும் அவசரம் இல்லை.

ஆக, முதல் வெளிநாட்டு வேலைக்கு ஒரு கிளப்பை எடைபோடும்போது மூன்றைப் பாருங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை கோச்சை மாற்றினார்கள்? ஐந்து பேர் என்றால் ஆறாவது நீங்கள். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா? இதை அங்கே ஆடிய ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரிடம் கேளுங்கள், கிளப்பிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. மூன்றாவது, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் சொல் எடுபடுமா, இல்லை தலைவரின் மருமகன்தான் முடிவெடுப்பாரா?

நீங்கள் ஆடிய நாட்டையும், அதற்குப் பக்கத்து நாட்டையும் முதலில் பாருங்கள். சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி ஆடும் காலத்திலேயே சுவிட்சர்லாந்தின் பாசலுக்கும் மலேசிய மாநில அணிகளுக்கும் ஆடியவர். கோச் ஆனபின், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணியோடு 2013ல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றார். அப்புறம் நெகிரி செம்பிலான் அணிக்குக் கோச்சாகப் போனார். அங்குள்ள ஆடுகளமும் நிர்வாகமும் அவருக்குப் புதிதில்லை.

தேசிய அணிகளும் ஒரு வழி. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பெரிய கிளப்பில் ஆடியவரே இல்லை. காயத்தால் ஆட்டம் சீக்கிரமே நின்றது. 1999ல் நேபாளத்துக்குக் கோச்சாக வந்தார், 2002ல் இந்தியா. பிறகு மலாவி, சூடான், ருவாண்டா. 2015ல் மறுபடி இந்தியா. நேபாளம் போகாமல் இருந்திருந்தால் இந்தியாவில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

காலண்டரையும் கவனியுங்கள். ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் வசந்தத்தில் தொடங்கிப் பனி வருவதற்குள் சீசனை முடிப்பார்கள். கோச் தேடுவது நவம்பர், டிசம்பரில். மேற்கு ஐரோப்பாவில் அது மே, ஜூன். தப்பான மாதத்தில் அனுப்பிய நல்ல விண்ணப்பம் யார் கண்ணிலும் படாது.

5. வேலை எப்படிக் கிடைக்கிறது

விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்துக் கிடைப்பது குறைவு. பாட்டரை ஓஸ்டர்சுண்டோடு சேர்த்துவைத்தது பழைய சக ஆட்டக்காரர் ஒருவரின் தொடர்பு. பின்னாளில் இங்கிலாந்து தேசிய அணியின் கோச்சான ராய் ஹாட்ஜ்சன் 1976ல் ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாடுக்குப் போனது அவருடைய நண்பர் பாப் ஹௌட்டன் சொன்னதால். ஹௌட்டன் அப்போது மால்மோவின் கோச். (இதே ஹௌட்டன்தான் 2006 முதல் 2011 வரை இந்தியாவுக்குக் கோச்.) ஹாட்ஜ்சன் முதல் வருடமே ஸ்வீடன் லீக்கை வென்றார். அதனால் உங்களோடு ஆடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்களைப் பத்திரமாக வையுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒருநாள் உதவிக் கோச்சாகவோ ஸ்போர்ட்டிங் டைரக்டராகவோ (கிளப்பில் ஆட்டக்காரர், கோச் தேர்வைக் கவனிப்பவர்) இருப்பார்.

ஏஜென்ட் வைத்துக்கொண்டால் அவர் ஃபிஃபா லைசென்ஸ் பெற்றவரா என்று பாருங்கள். "விசாவுக்கு முன்பணம்", "கிளப்புக்குப் பதிவுக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். உண்மையான கிளப் கோச்சிடம் காசு கேட்காது.

6. ஒப்பந்தம்: இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

2021 ஜனவரி 1 முதல் ஃபிஃபாவின் விதிகளில் கோச்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதற்குமுன் இந்த விதிகள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களையே மனதில் வைத்து எழுதப்பட்டவை. புதிய பகுதியில் உங்களுக்கு வேண்டியவை இவை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் யார் கையெழுத்து என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வேலை விசா கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், இந்த லைசென்ஸ் வந்தால்தான் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. அதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது கிளப்பின் பொறுப்பு.

இரண்டு மாதச் சம்பளம் குறித்த தேதியில் வரவில்லை என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். "எழுத்தில்" என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் தலைவரிடம் "சார், சம்பளம்?" என்று கேட்டதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். தேதி, தொகை, அவகாசம் மூன்றும் உள்ள முறையான கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

காரணமில்லாமல் உங்களை நீக்கினால், வேறு வேலை கிடைக்காதபட்சத்தில் பொதுவாக மீதி ஒப்பந்தக் காலத்தின் சம்பளம்தான் இழப்பீட்டுக் கணக்கு. புது வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழிப்பார்கள். ஒப்பந்தத்திலேயே வேறு தொகை எழுதியிருந்தால் அது முந்திக்கொள்ளும். "நீக்கினால் ஒரு மாதச் சம்பளம்" என்ற ஒரே வரியில் கையெழுத்திட்டு இரண்டு வருடச் சம்பளத்தை இழந்துவிடாதீர்கள்.

தகராறு எங்கே போகும் என்ற வரியையும் தேடுங்கள். வேறு நாட்டு கோச் என்றால் ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோச்சுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளூர் நடுவர் மன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைக்கும் கிளப்புகள் உண்டு. ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: இந்தப் பாதுகாப்பெல்லாம் தொழில்முறைக் கிளப், தேசியச் சங்கம் ஆகியவற்றில் வேலை செய்யும் கோச்சுக்கு. துபாயிலோ தோஹாவிலோ ஒரு தனியார் கால்பந்து அகாடமியிலோ பள்ளியிலோ சேர்ந்தால் அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம்தான் உங்களுக்குத் துணை. நம் ஊரிலிருந்து போகிற பலருக்கும் முதல் வேலை அப்படித்தான் அமையும். தப்பில்லை, தெரிந்துகொண்டு போங்கள்.

சம்பளத் தொகை வரிக்கு முன்பா, பின்பா? எந்த நாணயத்தில்? வீடு, வண்டி, வருடத்துக்கு எத்தனை விமான டிக்கெட், குடும்பத்துக்கு விசா, மருத்துவக் காப்பீடு? கிளப் மேலே ஏறினால் போனஸ் எவ்வளவு, கீழே இறங்கினால் ஒப்பந்தம் என்னவாகும்? வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. உள்ளூர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் உங்கள் முதல் முதலீடு.

7. விசா, வரி

சுற்றுலா விசாவில் போய் வேலையைத் தொடங்காதீர்கள். "வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று கிளப் சொன்னாலும் சரி. பிரிட்டனில் வெளிநாட்டு கோச்சுக்கு விசாவோடு அங்குள்ள கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். வரிக்கு, இரண்டு நாடுகளுக்கும் நடுவே இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். எத்தனை நாள் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதற்கு பாஸ்போர்ட் முத்திரைகளின் நகல் வையுங்கள்.

8. முதல் மூன்று மாதம்

மொழியை முதல் நாளே தொடங்குங்கள். முதலில் கால்பந்துச் சொற்கள்: அழுத்து, திரும்பு, நேரம் இருக்கிறது, ஆள் வருகிறான், பின்னால் பார். ஆடுகளத்தில் கத்துவதற்கு ஐம்பது சொல் போதும். இடைவேளை 15 நிமிடம். ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவே ஐந்து நிமிடம் போய்விடும். மீதியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தால் உங்கள் கையில் இருப்பது ஐந்து நிமிடம். அதில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்ல நினைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரை நீங்களே தேர்ந்தெடுங்கள், கால்பந்து தெரிந்தவராக. தென்கொரியாவின் பார்க் ஹாங்-சியோ 2017 முதல் ஐந்து வருடத்துக்கு மேல் வியட்நாமில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே வேலை செய்தார். 2018ல் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இங்கிலாந்து கோச் பாபி ராப்சன் போர்ச்சுகலில் வைத்திருந்த மொழிபெயர்ப்பாளர் பின்னால் என்ன ஆனார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் ஜோசே மொரீன்யோ, உலகின் பெயர்பெற்ற கோச்களில் ஒருவர்.

முதல் வாரத்தில் யாரிடமெல்லாம் பேச வேண்டும்? கிட் மேன் (உடை, பூட்ஸைப் பார்த்துக்கொள்பவர்), பிசியோ, ஆடுகளம் பராமரிப்பவர், மூத்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேர். கிளப்பில் நிஜமாக என்ன நடக்கிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். பழைய கோச்சின் உதவியாளர் மீதி இருந்தால் உடனே துரத்தாதீர்கள், உடனே நம்பியும் விடாதீர்கள்.

பயிற்சி முறையை ஒரே நாளில் புரட்டிப் போடவும் வேண்டாம். சாப்பாடு, தொழுகை, நோன்பு, பள்ளி, வேலை என்று ஆட்டக்காரர்களின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு நேரத்தை வையுங்கள். ரம்ஜான் மாதத்தில் மலேசியாவிலோ வளைகுடாவிலோ பயிற்சியை இரவுக்கு மாற்றுவது சாதாரணம். அதற்கு முகம் சுளிக்கிற கோச் அதிக நாள் தாங்க மாட்டார்.

ஓஸ்டர்சுண்டில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர்களும் கோச்களும் வருடத்துக்கு ஒருமுறை மேடையேறி ஒரு கலை நிகழ்ச்சி நடத்துவார்கள். ஒரு வருடம் "ஸ்வான் லேக்" பாலே. பாட்டரும் ஆடினார். தொடைத் தசை கிழிந்தால் யார் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது உண்மைதான். ஆனால் வெவ்வேறு நாட்டிலிருந்து வந்து, வேறு கிளப்புகள் கழித்துவிட்ட ஆட்களை ஓர் அணியாக்க அது உதவியது என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் பாலே ஆட வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் போங்கள்.

குடும்பத்தின் விஷயம் தனி. உங்களுக்குக் காலையில் போக ஒரு மைதானம் இருக்கிறது, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் ஒன்றுமே இருக்காது. பாட்டர் கைக்குழந்தையோடு குடும்பமாகத்தான் போனார். பள்ளி, மனைவியின் வேலை விசா, பக்கத்தில் பேச ஆள் ஆகிய மூன்றையும் சம்பளத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு முன்கூட்டியே விசாரியுங்கள். முதல் மூன்று மாதம் தனியாகப் போய் வீடு பார்த்துவிட்டு, பள்ளி ஆண்டு தொடங்கும்போது அவர்களை அழைத்துக்கொள்வது பலருக்குச் சரியாக வருகிறது.

9. வேலை போகும்போது

போகும். கோச் வேலையில் அது எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. கான்ஸ்டன்டைன் 2019 ஆசியக் கோப்பையில் ஜனவரி 6ஆம் தேதி தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தார். 14ஆம் தேதி பஹ்ரைனிடம் 0-1 தோற்று, அன்றே ராஜினாமா செய்தார். இடையில் எட்டே நாள்.

நீக்கிவிட்டோம் என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரும்வரை பயிற்சி நேரத்துக்கு வழக்கம்போல் போய் நில்லுங்கள், இல்லையென்றால் நீங்களாகவே வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கிளப்பின் மின்னஞ்சல் முடக்கப்படுவதற்கு முன் ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், கடிதங்களின் நகலைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களின் மருத்துவ விவரங்களைத் தொடாதீர்கள், அது உங்களுடையதல்ல. வேலை விசா ரத்தானால் எத்தனை நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்று அன்றே விசாரியுங்கள்.

பாக்கி இருந்தால் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போக இரண்டு வருட வரம்பு உண்டு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 21 நாள். சமரசம் பேசலாம் என்று கிளப் இழுத்தடித்தாலும் அந்தக் கணக்கு நிற்காது, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும் அந்த மாதங்களில் லைசென்ஸ் மறுபயிற்சி மணி நேரத்தை முடித்துவிடலாம். வேறொரு கிளப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்க அனுமதி கேட்கலாம். அடுத்த வேலைக்கான அழைப்பு அப்படிப் போன இடத்திலிருந்து வருவதும் உண்டு.